கீழ் வளையம்

மார்ச் 2, 06:15

சுற்றுக்கலன் நலம். மின்கலம் நிறைவு. ஆன்டெனா சரி.

தென்முனைக் குழி நிலையத்தில் ஒரே ஆள்: தாசையன், ஐம்பத்து நாலு வயது, துளைப்பொறி மெக்கானிக். மேலே ஒரே ஆள்: நான், பிரகதீஷ், நரம்புத்தூண்டிப் பொறியாளர். நிலவை ஒருமுறை சுற்றிவர எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. அதில் பன்னிரண்டு நிமிடம்தான் அவர் தலைக்கு மேல் இருப்பேன். அந்த நேரத்தில் அவர் மூளைக்குள் இருக்கும் கருவியோடு பேசுவேன். மிச்சம் இருந்தால் அவரோடு.

இந்தப் பதிவை எடுத்துப் படிப்பவருக்கு விஷயம் தெரியாமல் இருக்கலாம். ஒரே முறை சொல்கிறேன். தாசையனுக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், உடம்பு இறுகும், நடக்கும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மூளையின் ஆழத்தில் மொச்சைக்கொட்டையைவிடச் சிறிய ஒரு முடிச்சு இருக்கிறது. அதற்குள் ஒரு கம்பி. கம்பியின் நுனியில் நாலு வளையம். எந்த வளையத்தில் எவ்வளவு மின்சாரம் என்பதை நான் முடிவு செய்கிறேன். சரியாக வைத்தால் நடுக்கம் நிற்கும். ஸ்க்ரூ பிடிக்க முடியவில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், இந்தக் கம்பியால் திரும்பி வந்து பனிக்கட்டிக்குத் துளை போடுகிறார். தலையில் கம்பியோடு நிலவுக்கு வந்த முதல் ஆள். அவர் இங்கே தாக்குப்பிடித்தால் இனி நிறையப் பேர் வருவார்கள். நான் வடிவமைத்த கருவி. நான் எழுதப்போகும் அறிக்கை.

இன்றைய கோளாறு: மேல் வளையத்தில் மின்தடை ஏறுகிறது. கம்பி எங்கோ நைந்திருக்கிறது. வலது கையில் நடுக்கம் திரும்பியிருக்கிறது.

தாசையன்: "மக்கா, கை பழைய சோலிய ஆரம்பிச்சாச்சு. சாயா எடுத்தா பாதி எனக்கு, பாதி சட்டைக்கு."

நான்: "கம்பியில கோளாறுங்ணா. பாத்துட்டு சொல்றேன்."

தாசையன்: "எனக்க தலைக்குள்ள கெடக்க கம்பிய நீ ஆகாசத்துல இருந்து பாக்கப் போற. பாரு, பாரு."

மாற்று ஆளோடு அடுத்த கலன் வருவது ஜூனில்.

மார்ச் 3, 08:14

மேல் வளையத்தை அணைத்துவிட்டேன். நடு இரண்டிலும் பலன் இல்லை. கீழ் வளையத்துக்கு மாற்றினேன். ஒரே நிமிடத்தில் நடுக்க வரைபடம் படுத்துவிட்டது. கோடு போட்டது போல நேராக இருக்கிறது. பயிற்சிக் காலத்தில்கூட இவ்வளவு சுத்தமான வரைபடம் பார்த்ததில்லை.

பூமியிலிருந்து மனநல மருத்துவர் இஷ்ரத்: "பிரகதீஷ், கீழ் வளையம் மனநிலையைப் பாத்துக்கிற பகுதிக்கு ரொம்பக் கிட்ட. மின்சாரம் அங்க கசியும். கை நிக்குதான்னு மட்டும் பாக்காதீங்க. ஆள் எப்படி இருக்கார்னு ஒவ்வொரு முறையும் கேளுங்க."

கேட்காமல் இல்லை. நிலையத்தின் கணினி தினமும் மூன்று வேளை 'எப்படி இருக்கிறீர்கள்' என்று அவரிடம் கேட்கிறது. அவர் பேசுவதை எழுத்தாக்கி எனக்கு அனுப்புகிறது. பன்னிரண்டு நிமிடத்தில் ஒலிப்பதிவையெல்லாம் இறக்க நேரமில்லை. எழுத்து போதும்.

மார்ச் 6, 10:13

நடுக்கம் இல்லை. இறுக்கம் இல்லை. துளைப்பு வேலை அட்டவணையைத் தாண்டி ஓடுகிறது. தூக்கம் குறைவு. ஆனால் களைப்பு தெரியவில்லை.

தாசையன்: "கல்யாணத்தன்னைக்குக் கூட நான் இப்பிடி இருந்ததில்ல, கேட்டியா. ஒனக்கு வயசு என்ன?"

நான்: "இருபத்தெட்டுங்ணா. இடது கையை நீட்டுங்க."

தாசையன்: "நீட்டியாச்சு. எங்க ஊர்ல பொண்ணு பாக்கட்டா? நர்சு வேணுமா, டீச்சர் வேணுமா? எங்க ஊர்ல இந்த ரெண்டுதான் வெளையும்."

நான்: "விரலை மடக்கி விரிங்க."

தாசையன்: "ஒனக்க மூஞ்சிக்கு நர்சு கிட்டாது. டீச்சரே பாப்போம்."

அவர் சிரித்த சிரிப்பு தொடர்பு அறுந்த பிறகும் ஒலிபெருக்கியில் கொஞ்ச நேரம் இருந்தது போல இருந்தது. இருக்க வாய்ப்பில்லை. சமிக்ஞை அறுந்தால் அறுந்ததுதான்.

அறிக்கையில் 'மிகச் சிறப்பு' என்று எழுதினேன். இஷ்ரத் 'ரொம்பச் சிறப்பா இருந்தா எனக்குப் பயம்' என்று பதில் போட்டிருக்கிறார். மனநல மருத்துவர்கள் எல்லாவற்றுக்கும் பயப்படுவார்கள்.

மார்ச் 8, 12:14

கணினி அனுப்பிய எழுத்து, நேற்று மாலை: 'வெப்பமாக இருக்கிறது.' இன்று காலை: 'வெப்பமாக இருக்கிறது.' நண்பகல்: 'ரொம்ப வெப்பமாக இருக்கிறது, உள்ளே.'

நிலையத்தின் வெப்பநிலை சரியாகத்தான் இருந்தது. சில பேருக்குத் தூண்டுதலால் உடம்பு சூடாவது உண்டு. காலைத் தொடர்பிலேயே இங்கிருந்து ஐந்து டிகிரி குறைத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய தலைவலி வேறு. கேமராவில் பார்த்தால், ஊர்தியைப் பிரித்துப் போட்டிருக்கிறார். சக்கரம், அச்சு, மோட்டார், ஒவ்வொரு போல்ட்டும். எல்லாவற்றையும் பெரிதிலிருந்து சிறிதாகத் தரையில் வரிசைப்படுத்தி, அந்த வரிசைக்கு நடுவே குனிந்து ஒரு வாஷரை நகர்த்துகிறார். மறுபடி பழைய இடத்துக்கு நகர்த்துகிறார்.

நான்: "ஊர்திய எதுக்குங்ணா பிரிச்சீங்க? நாளைக்குப் பனி சாம்பிள் எடுக்கப் போகணுமில்ல?"

தாசையன்: "எல்லாத்துக்கும் ஒரு வரிசை வேண்டாமா மக்கா? எவனோ கோணலாட்டு மாட்டி வச்சிருக்கான்."

நான்: "திரும்ப மாட்டுங்க."

தாசையன்: "மாட்டலாம், மாட்டலாம். இங்க ஏன் இப்பிடிக் குளிருது? பல்லு கிட்டிக்கிட்டு நிக்கேன்."

வெப்பம் என்கிறார், குளிர் என்கிறார். ஒரே நாளில் இரண்டும். தெளிவாகப் பேசத் தெரியாத நோயாளியை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கும் போட முடியாது.

மார்ச் 9, 16:13

தாசையன்: "மக்கா, ஒண்ணு சொல்லுதேன், ஏசப்படாது. இங்க கூட ஒருத்தன் நடக்கான்."

நான்: "நிலையத்துல நீங்க மட்டுந்தான் இருக்கீங்க."

தாசையன்: "அது எனக்கும் தெரியும். எனக்குப் பைத்தியம் ஒண்ணும் இல்ல. பழைய ஆளு. நடுங்குதவன். கால இழுத்து இழுத்து நான் போற எடமெல்லாம் பின்னால வாறான். நான் நின்னா நிக்கான்."

நான்: "யாரு மாதிரி இருக்காரு?"

தாசையன்: "என்ன மாதிரி. கம்பி வைக்கதுக்கு முந்தி உள்ள என்ன மாதிரி. அதான் திரும்பிப் பாக்கப் பிடிக்கல்ல. ஞானம் கரண்டில கஞ்சி ஊட்டுவா, பாதி தாடைல வழியும். அந்த ஆளு."

ஞானம் என்பது அவர் மனைவி ஞானபாய்.

கூடவே யாரோ இருப்பதாகத் தோன்றுவது பதிவாகியிருக்கிற பக்கவிளைவு. மின்சாரத்தைக் கால்வாசி குறைத்தால் போய்விடும். சொன்னேன்.

தாசையன்: "கொறைக்காத. கொறைச்சா அவன் என்னப் புடிச்சிருவான்."

நோயாளி சம்மதிக்காமல் குறைக்கக்கூடாது என்பது விதி. அவசரமென்றால் மீறுவதற்கு எனக்கு ஒரு குறியீடு தந்திருக்கிறார்கள். பயன்படுத்தவில்லை. துளைப்பு முடிய இன்னும் ஒரு வாரம்தான். வரைபடம் இன்னும் நேர்கோடாக இருக்கிறது. அந்தக் கோடு எனக்குப் பிடித்திருக்கிறது. வேறு காரணம் இருந்தால் எழுதியிருப்பேன்.

தொடர்பு அறுவதற்கு முன் வந்த கேமராப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பணிக்கூடத்திலிருந்து படுக்கையறைக்கு வருகிறார். கதவைச் சட்டென்று மூடுகிறார். மூடிய கதவைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கிறார். முதுகு அசைகிறது, அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தள்ளுவது போல.

இங்கே என் கலனில் கதவே கிடையாது. ஒரே அறை. எதற்காகவோ திரும்பிப் பார்த்தேன்.

மார்ச் 10, 11:35

பத்து மணித் தொடர்பில் அவரோடு பேசவில்லை. கருவியின் தரவை மட்டும் இறக்கினேன். எல்லாம் வழக்கம்போல.

பிறகு பூமி வழியாக ஞானபாயின் அழைப்பு. வாரம் ஒருமுறை கணவனும் மனைவியும் குரல் செய்தி அனுப்பிக்கொள்வார்கள். அது எழுத்தாகாது, குரலாகவே போகும்.

ஞானபாய்: "தம்பி, அவியளுக்கு வெப்ராளமாட்டு இருக்குண்ணு எங்கிட்ட மூணு மட்டம் சொல்லியாச்சு. உங்ககிட்ட சொல்லல்லியா?"

நான்: "வெப்பம்னு சொன்னாருங்க. ரூம் சூட்டைக் கொறைச்சு வெச்சிருக்கேன்."

ஞானபாய்: "வெப்பமா? ஐய, சூடு இல்ல தம்பி. வெப்ராளம். உங்க பக்கம் சொல்ல மாட்டியளா?"

நான்: "இல்லீங்க. அப்படின்னா?"

ஞானபாய்: "உள்ள கெடந்து அடிக்கும். இருக்கவும் விடாது, நிக்கவும் விடாது. எங்கயாவது இறங்கி ஓடிப் போயிரணும்னு இருக்கும். எங்க சித்தி அப்பிடிச் சொல்லிக்கிட்டே இருந்துதான் ஒருநாள் கெணத்துல... அவியளத் தனியாட்டு விட்டிராதிய தம்பி."

தனியாக. நிலவின் தென்முனையில்.

நிலையம் சேர்த்துவைத்திருக்கும் ஒலிப்பதிவுகளில் நேற்றுத் தற்செயலாக இறங்கிய ஒன்றைப் போட்டுக் கேட்டேன். தெளிவாகச் சொல்கிறார். 'வெப்ராளமாட்டு இருக்கு மக்கா, உள்ள.' கணினிக்கு அந்தச் சொல் தெரியாது. பக்கத்தில் இருந்த சொல்லை எடுத்துப் போட்டுக்கொண்டது. எனக்கும் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

ஒரு மனுஷன் செத்துப்போக வேண்டும்போல இருக்கிறது என்றார். நான் அறையைக் குளிரவைத்தேன்.

பன்னிரண்டு மணித் தொடர்பில் குறைக்கிறேன். சம்மதம் கேட்கப்போவதில்லை.

மார்ச் 10, 12:20

நிலையத்தில் ஆள் இல்லை.

10:20க்கு வெளிக்கதவு திறந்திருக்கிறது. நான் நிலவின் மறுபக்கம் இருந்த நேரம். விண்வெளி உடையோடு நடந்தே போயிருக்கிறார். ஊர்திதான் தரையில் வரிசையாகக் கிடக்கிறதே. குழியின் உட்பக்கம், சூரியன் விழாத திசையில், என் திரையின் நிலப்படத்தில் ஒரு பச்சைப் புள்ளி: அவர். அந்தப் பக்கம் இதுவரை யாரும் கால் வைத்ததில்லை. ஊர்திகூடப் போனதில்லை. உடையின் ரேடியோ வழியாகக் கருவி பதில் சொன்னது. அவரும்.

தாசையன்: "வா மக்கா. நல்ல நடை. கால் ரெண்டும் காத்து மாதிரி போகுது."

நான்: "எங்க போறீங்க?"

தாசையன்: "அவன நிலையத்துல வச்சு பூட்டியாச்சு. இனி அவனுக்கு நான் கிட்ட மாட்டேன்."

நான்: "திரும்புங்ணா. உடையில ஆறு மணி வரைக்குந்தான் காத்து இருக்கு."

தாசையன்: "எனக்கு எதுக்குக் காத்து? நீ எதுக்கெடுத்தாலும் கணக்குப் பாப்ப. ஒனக்கு டீச்சர்தான் சரி."

நிலைமை இதுதான். மின்சாரத்தை இப்படியே விட்டால், காற்று தீரும்வரை சிரித்துக்கொண்டே நடப்பார். முழுதாக அணைத்தால், புத்தி திரும்பும், உடம்பு கல்லாகும், இருட்டில் நின்ற இடத்தில் நிற்பார். பாதி குறைத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பூமியிடம் கேட்க நேரமில்லை.

மீறும் குறியீட்டைப் போட்டேன். பாதி குறைத்தேன்.

பாட ஆரம்பித்திருந்தார். பாட்டு நடுவரியில் நின்றது. வெறும் மூச்சு. பிறகு வந்த குரல் வேறு ஆளுடையது போல இருந்தது. இல்லை, இதுதான் அவர் குரல். ஒரு வாரமாக நான் கேட்காத குரல்.

தாசையன்: "மக்கா, நான் எங்க நிக்கேன்?"

நான்: "வெளியில இருக்கீங்க. பயப்படாதீங்க. அப்படியே திரும்பி..."

தாசையன்: "ஒரே இருட்டாட்டு கெடக்கு. எதுக்கு இங்க வந்தேன்? நீயா வரச் சொன்ன?"

நான்: "இல்லீங்ணா. திரும்பி நடங்க."

தாசையன்: "கால் வரல்ல. ஒட்டிப்போச்சு. மக்கா, கால் வரல்ல. நீ போவாண்டாம், இங்கயே..."

அறுந்துவிட்டது.

மார்ச் 10, 12:50

மறுபக்கத்தில் இருக்கிறேன். இங்கிருந்து பூமியும் தெரியாது, அவரும் தெரியமாட்டார்.

உடையில் விளக்கு இருக்கிறது. போட்டிருப்பாரா தெரியாது. குளிர் தாங்கும். காற்று தாங்கும். கால் இழுத்து நடந்தால் திரும்ப மூன்றரை மணி நேரம். இரண்டு மணித் தொடர்பிலேயே அவர் கிளம்பியாக வேண்டும். அதற்கடுத்த தொடர்பு உதவாது.

கொஞ்சம் கூட்டிவைத்தால் கால் வரும். எந்தத் திசையில் நடக்கும் என்பதை என்னால் சொல்ல முடியாது. அவராலும்.

அவருக்குப் புத்தியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். சிரித்துக்கொண்டு போனவரைப் பிடித்து நிறுத்தி, எங்கே நிற்கிறாய் பார் என்று காட்டியிருக்கிறேன். இரண்டு மணி நேரம் அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சரி, வேறு வழி இல்லை. வேறு வழி போன வாரம் இருந்தது.

மார்ச் 10, 13:30

ஞாபகம் வந்துவிட்டது.

பயிற்சி மருத்துவமனையின் வராந்தாவில், தரையில் குறுக்கே வெள்ளை டேப் ஒட்டியிருப்பார்கள். கால் ஒட்டிக்கொண்டு நிற்கிற நோயாளிகள் அந்தக் கோட்டைக் கண்டால் தாண்டிவிடுவார்கள். வெறும் தரையில் ஓர் அடி வைக்க முடியாதவர், கோடு இருந்தால் நடப்பார். மூளை அந்த வேலையை வேறு வழியாகச் செய்துகொள்ளும். கண் பார்த்துக் காலை எடுக்கும்.

அங்கே டேப் இல்லை. ஆனால் தூசி இருக்கிறது. அவர் மிதித்து வந்த தடம் ஒவ்வொன்றும் அச்சாகக் கிடக்கும். காற்று இல்லை, ஒன்றும் அழிக்காது. திரும்பி, விளக்கைப் போட்டு, தன் தடத்தின் மேலேயே ஒவ்வொன்றாக மிதித்து வந்தால் போதும். அது நிலையம்வரை கொண்டுவந்து சேர்க்கும்.

இருந்தால். நின்றுகொண்டிருந்தால்.

மறுபடி திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் கலனின் சுவர்தான் இருக்கிறது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 10, 14:13

பேசியதை அப்படியே எழுதுகிறேன். எதையும் மாற்றவில்லை.

நான்: "தாசையண்ணா."

தாசையன்: "ம்."

நான்: "அதே இடத்துலதான் இருக்கீங்களா?"

தாசையன்: "எங்க போக? அவன் வந்துட்டான் மக்கா. பக்கத்துல நிக்கான். தோள்ல தோள் இடிக்கான்."

நான்: "அவனை விடுங்க. நான் சொல்றதை மட்டும் கேளுங்க. தலை விளக்கைப் போடுங்க."

தாசையன்: "கை நடுங்குது."

நான்: "நடுங்கட்டும். போடுங்க."

தாசையன்: "போட்டாச்சு."

நான்: "அப்படியே வந்த பக்கமாப் பையத் திரும்புங்க. உடம்பை மொத்தமாத் திருப்பாதீங்க. கொஞ்சங் கொஞ்சமா."

நீண்ட நேரம் மூச்சு மட்டும். நாலு நிமிடம் போய்விட்டது.

தாசையன்: "திரும்பியாச்சு."

நான்: "கீழ பாருங்க. நீங்க வந்த தடம் தெரியுதா?"

தாசையன்: "தெரியுது."

நான்: "அதுல ஒவ்வொண்ணா மிதிச்சு வாங்க. வேற எதையும் பாக்காதீங்க. தடத்தைப் பாத்தா கால் தானா வரும். நிலையம் வரைக்கும் போகுது அது."

பச்சைப் புள்ளி நகரவில்லை.

நான்: "அண்ணா. மிதிங்க."

தாசையன்: "எதுல மிதிக்கணும்?"

நான்: "தடத்துலதான்."

தாசையன்: "ரெண்டு வரி கெடக்கு மக்கா."

நான்: "என்ன ரெண்டு?"

தாசையன்: "ரெண்டு ஆளுக்க தடம். ஒண்ணு எட்டி எட்டிப் போட்டது. அது எனக்குள்ளது, தெரியுது. மத்தது பக்கத்துலயே வந்திருக்கு. குட்டிக் குட்டியாட்டு, இழுத்து இழுத்து. நிலையத்துல இருந்து இங்க வரைக்கும்."

ரேடியோ தெளிவாக இருந்தது. இரைச்சல் இல்லை. அவர் குரலில் குழறல் இல்லை, சிரிப்பு இல்லை. தரவில் எல்லாம் சரியாக இருந்தது. இந்த அளவு மின்சாரத்தில் இல்லாத எதுவும் அவருக்குத் தெரியக்கூடாது.

நான்: "முதல் தடத்துல மிதிச்சுப் பாருங்க."

தாசையன்: "எட்டல்ல. கால் அவ்வளவு தூரம் போகல்ல. மக்கா, நேரம் போகுதா?"

போய்க்கொண்டிருந்தது. ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தது.

நான்: "மத்ததுல மிதிங்க."

தாசையன்: "அவனுக்க தடத்துலயா?"

நான்: "ஆமாங்ணா. அது உங்க காலுக்குச் சரியா இருக்கும்."

பிறகு துணி உரசும் சத்தம். ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

தாசையன்: "வருது. கால் வருது மக்கா. அவன் முன்ன போறான். நான் இப்பம் அவனுக்குப் பின்னால..."

அறுந்துவிட்டது.

மார்ச் 10, 14:40

அங்கே இரண்டாவது தடம் இருக்க முடியாது. குழிக்குள் அந்தப் பக்கம் யாரும் போனதில்லை. இல்லாத தடத்தில் ஒரு மனுஷனை மிதிக்கச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

கடைசி சில நொடிகளின் இடக்குறியீட்டை இறக்கிப் பார்த்தேன். பச்சைப் புள்ளி நிலையத்தை நோக்கி நகர்ந்திருக்கிறது. சின்னச் சின்ன அடி. ஓர் அடிகூடத் தவறவில்லை.